உணவு வலையும் கடல் நீர்நாயும்

திமி என்பது கடலில் வாழும் பெருமீன் ஒன்றன் பெயர். அத்திமியையும் விழுங்க வல்லது திமிங்கிலம். அத்திமிங்கிலத்தையும் விழுங்க வல்லது ஒன்று உண்டென்றும், அதன் பெயர் திமிங்கிலகிலம் என்றும் பழைய நூல்கள் கூறும். வடமொழியிலிருந்து வந்து தமிழில் வழங்கும் இச்சொற்களைப் பிரித்துப் பார்ப்பவர்க்கு ஒரு வேடிக்கை புலனாகும். கிலம் என்பது விழுங்குவது என்னும் பொருளைத் தருவது. ஆதலால் விழுங்குவது ஒன்று புதிதாய் வருந்தோறும் பெயரும் ஒரு முழம் நீளுகின்றது.

வலியது மெலியதை உண்ணும் இம்முறையை மச்ச நியாயம் என்று பெயரிட்டு, செங்கோல் இல்லாத நாட்டிற்கு உவமையாக எடுத்தாண்டனர் அரசியல் நூலோர். உண்பது கொடியது, உண்ணப்படுவது இரங்கத்தக்கது, உண்பதை ஒழித்துவிட்டால் எஞ்சியவை இனிது வாழும் என்னும் எண்ணம் இவ்வுவமையினுள்ளே கிடக்கின்றது. நாட்டிற்கு அது பொருந்துமாயினும், காட்டிற்கும் கடலிற்கும் பொருந்துமா என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட கேள்வி. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இருந்துகொண்டு விலங்கு நூலார் தோட்டத்திற் புகுகின்றோமே என்று விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் நகைக்கக்கூடும். சொல்லை ஆராயப் புகுந்த வழியிலே பொருள் அகப்பட்டது. அகப்பட்டதை விட்டுவர மனம் ஒருப்படவில்லை.

உயிர்கள் உண்ணும் முறையின் அடிப்படை யாவரும் பள்ளியிற் கற்றதே. பசும் பூண்டுகள் கதிரவன் ஒளியைக் கொண்டு தம் உணவைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. அவற்றை மேய்வன சில. மேய்வனவற்றைத் தின்பன சில. செத்தவற்றை மட்கச் செய்து மண்ணுக்கு உரமாக்குவன காளானும் நுண்ணுயிரும். புல், மான், புலி என்று இதனை ஒரு சங்கிலியாகக் கோத்துக் காட்டுதல் வழக்கம். கற்பிப்பதற்கு அஃது எளிது. ஆனால் இயற்கையிலே அத்தகைய ஒற்றைச் சங்கிலியைக் காண்டல் அரிது. புலி மானை மட்டும் தின்பதில்லை. மானும் ஒரே புல்லை மேய்வதில்லை.

இவ்வுண்மையைப் படம் வரைந்து காட்டியவருள் முன்னிற்பவர் சார்லஸ் எல்டன் என்பார். 1921-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக மாணவராயிருந்தபோதே, ஸ்பிட்ஸ்பெர்கன் நோக்கிச் சென்ற ஆராய்ச்சிக் குழு ஒன்றோடு அவர் வடதுருவக் கடலுக்குப் போனார். அப்பொழுது அவருக்கு வயது 21. நார்வே நாட்டிற்கும் ஸ்பிட்ஸ்பெர்கனுக்கும் இடையே கரடித் தீவு என்றொரு தீவு உண்டு. மரமில்லாத அக்குளிர்த் தீவில் உயிரினங்கள் சிலவே ஆதலின், எஃது எதனை உண்ணுகின்றது என்பதை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து காண இயன்றது. சம்மர்ஹேஸ் என்னும் தாவர நூலாரோடு சேர்ந்து 1923-இல் எல்டன் வெளியிட்ட கட்டுரையிலே அப்படம் உள்ளது. வெண்ணரி பறவைகளை உண்ணும். பனிக்கரடி தின்று மிச்சம் வைத்த சீல் என்னும் கடல்விலங்கின் ஊனையும் உண்ணும். கடற்பறவைகள் கடலில் இரைதேடித் தரையில் எச்சமிட, அவ்வெச்சம் பூண்டுகளுக்கு உரமாகும். இங்ஙனம் கடலின் வளம் கரையேறுகின்றது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் பின்னிக் கிடக்கும் அப்படத்தைக் கண்டவர் சங்கிலி என்று சொல்லத் துணியார்; வலை என்றே சொல்லுவர். 1927-இல் அவர் எழுதிய 'விலங்குச் சூழலியல்' என்னும் நூல் இத்துறைக்கு அடிகோலிற்று.

வலையின் வடிவம் தெரிந்தது. அதன் வழியே ஓடுவது எவ்வளவு என்பதைக் கணக்கிட்டவர் ரேமண்டு லிண்டமன். அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்துச் சிறு சதுப்பேரி ஒன்றை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து, கதிரவனிடம் பூண்டுகள் பெற்ற ஆற்றல் படிதோறும் எவ்வளவு மேலேறுகின்றது என்று அவர் காட்டினார். அக்கட்டுரையை முதலில் மதிப்பிட்ட அறிஞர்கள் வேண்டாவென்று தள்ளினர். ஹட்சின்சன் என்னும் பேராசிரியர் பரிந்து எழுதியபின்னரே அஃது ஏற்கப்பட்டது. 1942-ஆம் ஆண்டு அக்டோபரில் அஃது அச்சேறியபோது லிண்டமன் உயிரோடில்லை. 27 வயதும் நிரம்பாமல், அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நோயினால் இறந்துபோனார். ஒரு படியிலிருந்து மேற்படிக்குச் செல்வது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே என்று இன்று பொதுவாகக் கூறுவர். இடத்திற்கு இடம் இது வேறுபடும். எஞ்சியது உயிர் வாழ்தற்கும் ஓடியாடுதற்கும் செலவாகி வெப்பமாய்ப் போகின்றது. புல் மிகுதியாகவும், மான் அளவாகவும், புலி அரிதாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே. திமிங்கிலகிலத்துக்கு மேல் வேறொரு கிலம் சேர்த்துச் சொல் வளர்க்கப் புலவனால் இயலும், கடலால் இயலாது.

இனி, மேற்படியில் நிற்கும் அச்சிலவே வலை முழுவதையும் எப்படித் தாங்குகின்றன என்பதற்கு ஒரு வரலாறு கூறுவோம். இதற்கு நாம் செல்லவேண்டிய இடம் வட பசிபிக் சமுத்திரம். அலாஸ்காவிலிருந்து ஆசியாவின் காம்சட்கா நோக்கி வில்போல் வளைந்து செல்லும் தீவு வரிசைக்கு அலூஷியன் தீவுகள் என்பது பெயர். அத்தீவுகளைச் சூழ்ந்த குளிர்நீரிலே வாழ்வது கடல் நீர்நாய். நீர்நாய் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. மருதநிலத்துப் பொய்கையில் வாளைமீனைப் பற்றி உண்ணும் நீர்நாயைச் சங்கப் புலவர்கள் பன்முறை பாடியுள்ளனர். இது அதன் கடல்வாழ் உறவு.

திமிங்கிலத்திற்கும் சீலுக்கும் தோலின்கீழ்த் தடித்த கொழுப்புப் போர்வை உண்டு. கடல் நீர்நாய்க்கு அஃது இல்லை. அதனைக் குளிரினின்றும் காப்பவை இரண்டு: ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் மயிர்வரை செறிந்த தோல் ஒன்று, ஓயாது உண்ணும் வயிறு மற்றொன்று. தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்குவரை அது நாள்தோறும் உண்ணவேண்டும். நீரில் மல்லாந்து மிதந்து, மார்பின்மேல் ஒரு கல்லை வைத்து, சிப்பியை அக்கல்லில் மோதி உடைத்துத் தின்னும். அது விரும்பித் தின்பவற்றுள் ஒன்று கடல் முள்ளெலி. எலி என்று பெயர் கொண்டதேயன்றி இதற்கும் எலிக்கும் உறவில்லை. உருண்டை ஓட்டின் மேலெல்லாம் முள் நிறைந்து, அடியிலே ஐந்து பல் கொண்டு, கற்பாறையில் ஊர்ந்து மேயும் சிற்றுயிர் அது. அது மேய்வது கெல்ப் என்னும் பெருங்கடற்பாசி. பாறையைப் பற்றி எழுந்து பல ஆள் உயரம் வளர்ந்து நீருக்குள்ளே காடுபோல் நிற்பது அப்பாசி. மீன்கள் அதனிடையே ஒதுங்கும். அலைவேகமும் அதனால் தணியும். நீர்நாய்தானும் அலை அடித்துச் செல்லாதபடி அப்பாசியை உடலிற் சுற்றிக்கொண்டு உறங்குவதுண்டு.

1741-ஆம் ஆண்டில் ரஷியப் பேரரசின் ஆணைப்படி சென்ற விட்டஸ் பெரிங் என்னும் மாலுமியின் கப்பல், இப்போது அவர் பெயரால் வழங்கும் தீவில் மோதிச் சிதைந்தது. பெரிங் அங்கேயே மாண்டார். எஞ்சியோர் நீர்நாய் முதலியவற்றின் ஊனைத் தின்று குளிர்காலத்தைக் கழித்து, 1742-இல் சிதைந்த கப்பலின் மரத்தாலே சிறு கப்பல் ஒன்று கட்டிக்கொண்டு ஊர் திரும்பினர். அவர்கள் கொணர்ந்த நீர்நாய்த் தோலின் விலையைக் கண்ட வணிகர் கூட்டங்கூட்டமாய் அக்கடலுக்குப் புறப்பட்டனர். அடுத்த 170 ஆண்டுகளில் கடல் நீர்நாய் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. 1911-இல் அமெரிக்கா, பிரிட்டன், ரஷியா, ஜப்பான் ஆகிய நான்கு அரசுகளும் உடன்படிக்கை செய்து வேட்டையைத் தடுத்தபோது, உலகத்தில் எஞ்சியிருந்தவை ஆயிரம் அல்லது இரண்டாயிரமே என்று மதிப்பிடுவர்.

அக்கப்பலிற் சென்ற ஸ்டெல்லர் என்னும் இயற்கை நூலார் அத்தீவருகே வேறொரு விலங்கையும் கண்டு எழுதிவைத்தார். 8 மீட்டர் நீளம்வரை வளர்ந்து, பல் இன்றி, பாசியையே மேய்ந்து வாழ்ந்த பெருங்கடற்பசு அது. நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் கடற்பசுவுக்கு அஃது உறவு. கண்டறிந்த 27 ஆண்டுகளுள், அதாவது 1768-க்குள், அவ்வினம் முழுவதும் அழிந்தது. ஊனுக்காகக் கொன்றதே காரணம் என்பர் பலர். நீர்நாய் அற்றுப்போனபடியால் முள்ளெலி பெருகிப் பாசியைத் தின்றொழித்ததும் துணைக்காரணமாகலாம் என்பாரும் உளர். இரண்டாவது கூற்று உண்மையாயின், தோலுக்காக ஒன்றைக் கொன்ற கை, தான் அறியாமலே மற்றொன்றன் உணவையும் பறித்ததாகும்.

இங்ஙனம் ஒன்றன் அழிவு அதனால் உண்ணப்படாத வேறொன்றைச் சென்று தாக்கும் என்பதைச் சோதனையால் காட்டியவர் ராபர்ட் பெயின் என்னும் பேராசிரியர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்துப் பாறைக் கடற்கரை ஒன்றிலே, 1963-ஆம் ஆண்டு முதல், ஒரு பகுதியில் உள்ள நட்சத்திர மீன்களையெல்லாம் எடுத்தெடுத்துக் கடலில் எறிந்தார். அருகில் மற்றொரு பகுதியை அப்படியே விட்டுவைத்தார். நட்சத்திர மீன் சிப்பியைத் தின்பது. அது நீங்கியவுடன் மற்றவை செழிக்குமென்றன்றோ மச்ச நியாயம் கூறும்? நடந்தது வேறு. கருஞ்சிப்பி ஒன்றே பாறை முழுவதும் பரவி மற்றவற்றுக்கு இடமில்லாமற் செய்தது. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 இனங்களே எஞ்சின. வளைவுக் கட்டடத்தின் உச்சியில் இருபுறத்துக் கற்களையும் பிணித்து நிற்கும் நடுக்கல்லை எடுத்துவிட்டால் வளைவு முழுவதும் சரியும். அத்தகைய இனங்களுக்கு அந்நடுக்கல்லின் பெயரையே பெயின் 1969-இல் சூட்டினார்.

பெயின் 1971-இல் அலூஷியன் தீவுகளுள் ஒன்றாகிய அம்சிட்காவுக்குச் சென்றார். அமெரிக்க அரசாங்கம் அணுகுண்டுச் சோதனை நடத்திய தீவு அது. சோதனையால் உயிரினங்களுக்கு நேரும் கேட்டை அறிவதற்காக அங்கு அனுப்பப்பட்டவருள் ஜேம்ஸ் எஸ்டெஸ் என்னும் இளம் ஆராய்ச்சி மாணவர் ஒருவர். பாசிக் காடு நீர்நாயை எப்படிப் பேணுகின்றது என்று ஆராய எண்ணியிருந்த அவரிடம், நீர்நாய் பாசிக்கு என்ன செய்கின்றது என்று பார்த்தாலென்ன என்றார் பெயின். கேள்வியைத் தலைகீழாகத் திருப்பியதே இதிலுள்ள சிறப்பு. விடை காண நற்காலமாக ஓர் ஏது வாய்த்திருந்தது. 1911-க்குப்பின் அம்சிட்காவில் நீர்நாய் மீண்டும் பெருகிவிட்டது. சில நூறு கிலோமீட்டர் மேற்கேயுள்ள ஷெம்யாத் தீவுக்கு அஃது இன்னும் திரும்பவில்லை. அம்சிட்காவில் மூழ்கினால் பாசிக் காடு. முள்ளெலிகள் சிறியனவும் சிலவுமே. ஷெம்யாவில் மூழ்கினாலோ, பாறையெங்கும் விரித்த பாய்போல் முள்ளெலி. பாசி என்பது பெயரளவுக்கும் இல்லை. எஸ்டெஸும் பால்மிசானோ என்பவரும் 1974-இல் இதனை வெளியிட்டனர்.

அதன்பின் வலையின் நூல்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. பாசி செழித்த தீவுகளில் சிப்பிகளும் கொட்டலசுகளும் விரைந்து வளர்ந்தன. அவை பாசியை மேயாதன. நீரில் மிதந்துவரும் நுண்துகளை வடித்து உண்பன. அத்துகள்களுள் பெரும்பங்கு சிதைந்த பாசி என்று கண்டனர். வெண்டலைக் கழுகு நீர்நாய் உள்ள இடத்தில் மீனும் நீர்நாய்க் குட்டியும் தின்னும். நீர்நாய் குறைந்த இடத்திலோ கடற்பறவைகளை மிகுதியாகத் தின்னும். வானத்திற் பறக்கும் கழுகின் உணவு கடலடியில் ஊரும் முள்ளெலியின் தொகையைப் பொறுத்து மாறுகின்றது. இந்நூலை முன்கூட்டியே ஊகித்தவர் எவரேனும் இருந்திருப்பாரா என்பது நம் ஐயம்.

1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில், எவரும் வேட்டையாடாதிருக்கவும், அலூஷியன் நீர்நாய்கள் மீண்டும் குறையத் தொடங்கின. கரையில் பிணம் ஒதுங்கவில்லை, நோய்க்குறியும் இல்லை. அடாக் என்னும் தீவில் கிளாம் காயல் என்று ஒன்று உண்டு. அதன் வாயில் ஒடுங்கியது, ஆழமற்றது. அக்காயலுக்குள் நீர்நாய்கள் குறையவில்லை. வெளியே திறந்த விரிகுடாவில் இருந்தவை மறைந்துகொண்டே வந்தன. அவ்வாயிலால் நுழைய முடியாத பேருருவம் எது? ஓர்க்கா என்னும் கொலைத் திமிங்கிலம். அது நீர்நாயைத் தாக்குவதை 1991 முதல் நேரிலும் கண்டிருந்தனர். ஓர் ஓர்க்கா நீர்நாயை மட்டுமே தின்று வாழ்வதாயின் ஆண்டுக்கு 1,825 நீர்நாய் வேண்டும். ஏறக்குறைய 40,000 நீர்நாய்கள் ஆறாண்டில் மறைவதற்கு நான்கு ஓர்க்காக்களே போதும் என்று 1998-இல் எஸ்டெஸ் குழுவினர் கணக்கிட்டனர். 1987-க்கும் 1997-க்கும் இடையே அடாக் கரையில் முள்ளெலியின் எடை எட்டு மடங்கு ஏறிற்று; பாசியின் செறிவு பன்னிரண்டில் ஒரு பங்காய்க் குறைந்தது.

திமிங்கிலத்தையும் விழுங்கும் திமிங்கிலகிலம் கற்பனை என்று எண்ணியிருந்தோம். ஓர்க்கா கூட்டமாய்ச் சேர்ந்து பெருந்திமிங்கிலங்களையும் வேட்டையாடுவதுண்டு. அது ஏன் சிறிய நீர்நாயை நாடியது? இரண்டாம் உலகப் போருக்குப்பின் மனிதர் பெருந்திமிங்கிலங்களை ஆயிரக்கணக்கிற் கொன்று குவித்தமையால், ஓர்க்கா முதலில் சீலையும், பின்னர்க் கடற்சிங்கத்தையும், கடைசியாக நீர்நாயையும் நாடவேண்டியதாயிற்று என்று சிலர் 2003-இல் எழுதினர். வேறு சிலர் இதனை மறுக்கின்றனர். வழக்கு இன்னும் தீரவில்லை. கூற்று அழகியதாயிருப்பதே அதனை ஐயுறுதற்கு ஒரு காரணம் என்பது எம் கருத்து.

அன்றியும், நீர்நாய் ஒன்றே எல்லாப் பாசிக் காட்டையும் காக்கின்றது என்று கொள்ளுதலும் பிழையாம். கலிபோர்னியாவின் தென்பாகத்தில் நீர்நாய் அழிந்தபின்னும் பாசிக் காடுகள் நின்றன. அங்கே சிங்கி இறாலும் ஒருவகைப் பெருமீனும் முள்ளெலியைத் தின்றுவந்தன. வடபாகத்திலோ சூரியகாந்தி நட்சத்திர மீன் அவ்வேலையைச் செய்துகொண்டிருந்தது. 2013-இல் தொடங்கிய ஒரு நோயால் அம்மீன்கள் கரைந்து அழிந்தன; 2014 முதல் 2016 வரை கடல் அளவுக்கு மீறி வெப்பமுற்றது. பாசிக் காட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போயிற்று. பாசியை நம்பி வாழ்ந்த அபலோனி என்னும் பெருஞ்சிப்பி பட்டினியால் இறக்க, 2018-இல் அதனை எடுப்பதையே அரசாங்கம் நிறுத்தவேண்டியதாயிற்று. முள்ளெலியோ பட்டினியால் எளிதிற் சாவதில்லை. உள்ளீடற்ற வெறும் ஓடாய் ஆண்டுக்கணக்கிற் காத்துக் கிடக்கும்.

மனிதனும் இவ்வலைக்குப் புறம்பானவன் அல்லன். அம்சிட்காவில் அலூட் மக்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கொட்டிய எச்சக் குப்பைமேடுகளை ஆராய்ந்ததில், முள்ளெலி ஓடு மிகுந்த காலங்கள் தென்பட்டன. அவர்கள் தம் கரையருகே நீர்நாயை வேட்டையாடி, அதனால் பெருகிய முள்ளெலியையும் உண்டிருக்கவேண்டும் என்று 1978-இல் அறிஞர் எழுதினர். 1965 முதல் 1969 வரை ஏறக்குறைய 400 நீர்நாய்களைப் பிடித்துத் தென்கிழக்கு அலாஸ்காவில் விட்டனர். இன்று அவற்றின் வழிவந்தவை 20,000-ஐத் தாண்டிவிட்டன. பாசி தழைத்தது உண்மையே. ஆனால் நண்டும் சிப்பியும் கடலட்டையும் எடுத்து வாழும் அக்கரை மக்களுக்குக் கிடைப்பது குறைந்தது; அவர்கள் முறையிடுகின்றனர். பாசிக் காட்டின் பெருமையைத் தூரத்திலிருந்து பேசுவது நமக்கு எளிது. அம்முறையீட்டை அறியாமை என்று ஒதுக்குவது நேர்மையன்று.

அலூஷியன் தீவுகளின் மேல்பாகத்தில் நீர்நாய்கள் முன்போல் பெருகவில்லை. பாசி அழிந்த பாறைகளிலே முள்ளெலிக்கு எஞ்சியிருப்பது, சுண்ணாம்பாக இறுகிப் பவளப் பார்போல் படிந்த ஒருவகைச் செம்பாசி. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுகூட வளராத அது, மரத்தில் வயிரம் ஏறுவதுபோல் ஆண்டுக்கொரு வளையமாகப் பல நூற்றாண்டு வளர்ந்தது. முள்ளெலி கடித்த பழைய தழும்புகளும் அவ்வளையங்களுக்குள்ளே பதிந்து கிடக்கின்றன. கடல்நீரில் இன்று புளிப்புத்தன்மை ஏறிவருவதால் அச்சுண்ணாம்பு இளகியிருக்கின்றது என்றும், பல் முன்னினும் ஆழமாக இறங்குகின்றது என்றும் 2020-இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். நீர்நாய் திரும்பி வருமாயின் கெல்ப் காடு சில ஆண்டுகளில் எழுந்துவிடும். இச்செம்பாசிப் பார் மீண்டும் எழ நூற்றாண்டுகள் செல்லும்.